ஓட்டையை அடைத்தால் ஓசை என்ன ஆகும்?

நாகசுரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே, அணசை நெருங்கும் பகுதியில், எந்த விரலும் தொடாத துளைகள் இன்னும் ஐந்து உண்டு. முதல்முறை பார்ப்பவருக்கு அவை அலங்காரமாகத் தோன்றும். வித்வானோ அவற்றில் சிலவற்றை மெழுகால் அடைத்தும் சிலவற்றைத் திறந்துவிட்டும் வாத்தியத்தின் சுருதியையும் நாதத்தின் குணத்தையும் சரிசெய்துகொள்கிறார். குழலுக்குள் இருக்கும் காற்றுக்கு எங்கே வழி, எத்தனை வழி என்பதை மாற்றினால் ஓசை மாறும் என்ற அறிவு, திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு நாகசுரம் ஒலிக்கும்போதெல்லாம் நம் கண்ணெதிரில்தான் இருக்கிறது.

ஹெட்போன் கிண்ணத்தின் ஊசித்துளைமேல் செலோடேப் ஒட்டிப் பார்க்கும் இளைஞர் செய்வதும் அதே வேலைதான். உலகம் முழுக்க இதை ‘மாட்’ என்கிறார்கள். காதுக் குஷனை மாற்றுவது, கிண்ணத்துக்குள் பஞ்சு வைப்பது, பின்துளையை மூடுவது, இயர்போன் மூக்கில் ஒட்டுப் போடுவது, வயரை மாற்றுவது என்று அதில் பல வகை. செய்து முடித்ததும் தீர்ப்பு வந்துவிடும்: “பேஸ் சும்மா அதிருது”, “வாய்ஸ் க்ளியர் ஆயிடுச்சு”. தீர்ப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்பதுதான் கேள்வி. நாகசுரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவரோ சுருதிப் பெட்டியோ இருக்கிறது. இழை விலகினால் அந்தக் கணமே தெரியும். ஹெட்போன்காரரிடம் இருப்பது, கிண்ணத்தைக் கழற்றி மாட்டுவதற்கு முன்னால் கேட்டதன் நினைவு மட்டும். ஓசையின் நுணுக்கமோ சில விநாடிகளுக்கு மேல் நினைவில் நிற்பதில்லை. ஹெட்போனில் செய்யும் மாற்றத்தை அளப்பது என்றால், முதலில் அந்த ஒத்தை உண்டாக்கிக்கொள்வது.

காதால் மட்டுமே செய்து முடித்த பெரிய மாற்றங்கள் நம்மிடம் உண்டு என்று யாராவது எதிர்வாதம் செய்யலாம். அது நியாயமான வாதம். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்துக்கு முன் புழங்கியது திமிரி நாகசுரம். அது நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. அதில் சுத்த மத்தியமம் சரியாக நிற்காது என்பது நெடுநாள் குறை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தைக் கூட்டி, துளைகளின் இடத்தைத் திருத்திச் செய்து கொடுத்த பாரி நாகசுரம் அந்தக் குறையைத் தீர்த்தது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரம் அந்த மரபின் தொடர்ச்சி. ஒலிமானியோ கணினியோ இல்லாமல் நடந்த வேலை இது. ஆனால் அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று பாருங்கள். ‘இந்த ஒரு சுரம், இந்த ஆதார சுருதியோடு சேர்கிறதா?’ சுருதியோடு சுரத்தை ஒப்பிடுவதில் மனிதக் காது மிகக் கூர்மையானது. ‘முன்பைவிட க்ளியரா இருக்கா?’ என்பதோ காதுக்குத் தரக்கூடிய கேள்விகளிலேயே மிக மோசமான ஒன்று.

மாற்றமும் அளவீடும் சந்தித்த நம் ஊர்க் கதை இன்னொன்று, மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கரணை. வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்குகளாக வரும். முழு எண்கள் இல்லாததால் காதுக்கு அது சுருதி சேராத தட்டொலி. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரை, நம் மத்தளங்கள் இந்த விதியை மீறுகின்றன என்று காட்டியது. 1934இல் அவர் விரிவாக எழுதிய கட்டுரையில் கணக்கு முழுமையாக வருகிறது. கரணையின் எடை நடுவில் உட்கார்ந்திருப்பதால், தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து கூட்டங்களாகச் சேர்ந்து, 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளில் வந்து நிற்கின்றன. தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளைப் பார்த்து எந்த அதிர்வு எது என்று பிரித்தறிந்தார்.

ராமன் கண்டுபிடிப்பதற்கு முன்பே மிருதங்கம் செய்பவர்கள் அதை அடைந்துவிட்டார்கள் என்று பெருமைப்படுவது நம் வழக்கம். எனக்கு அதைவிட அவர்கள் அடைந்த வழிதான் சுவையாக இருக்கிறது. இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, ஒரே மூச்சில் அப்பிவிடுவதில்லை. மெல்லிய படலமாக இடுவார்கள், கல்லால் தேய்ப்பார்கள், தட்டிக் கேட்பார்கள், அடுத்த படலம் இடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சோதனை. இடப்பக்கத் தொப்பியில் இன்னும் ஒரு நயம் உண்டு. கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்த மாற்றத்திலிருந்து திரும்பி வர வழி இருக்கிறது. ஹெட்போன் மாட் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் மீறுகிறார்கள். குஷனையும் பஞ்சையும் வயரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிட்டு, எது எதைச் செய்தது என்று தெரியாமல் நிற்பார்கள்.

ராமனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்றும் உண்டு. வயலினை ஆராய்ந்தபோது கைக்குக் கை, நொடிக்கு நொடி மாறும் வில்லழுத்தம் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. ஆகவே இயந்திரமே வயலின் வாசிக்கும்படி ஒரு பொறியை அமைத்து, வில்லின் வேகம், அழுத்தம், இடம் ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றி அளந்தார். அந்தக் கட்டுரையும் 1920இல்தான் வந்தது. வாசிப்பவரின் கையை விலக்கினால்தான் வாத்தியம் பேசும் என்ற அந்த எண்ணமே இன்றைய ஹெட்போன் அளவீட்டுத் தலைப்பொம்மைகளிலும் இருக்கிறது.

இதெல்லாம் ஆய்வுக்கூட விஷயம், நமக்கென்ன என்று கேட்கத் தோன்றலாம். திருவண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களைக் கவனியுங்கள். பாதி வழியில் நெற்றி வியர்வை காதோரம் இறங்கும். செயற்கைத் தோலாலான குஷன்களின் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தாலும் வியர்வையாலும் வேதிச்சிதைவடைந்து செதில் செதிலாக உதிரும். பிறகு கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு குஷன். மாட் செய்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் நம் ஊரில் அதிகம் நடக்கும் மாட் இதுதான். ஹெட்போனில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே ஓசையை அதிகம் புரட்டிப்போடுவதும் இதுவே.

ஏன் என்று பார்க்கலாம். காதைச் சுற்றிக் குஷன் மூடிய சிறு காற்றறையில், ஹெட்போனுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் சவ்வு ஒரு பிஸ்டன்போல் வேலை செய்கிறது. அறை இறுக்கமாக இருக்கும்வரை 30 ஹெர்ட்ஸில்கூட அழுத்தம் அப்படியே செவிப்பறையைச் சேரும். எங்கோ ஓர் இடுக்கு விழுந்தால், ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பு கதைதான். மெதுவாக அழுத்தினால் காற்று ஓட்டை வழியே நழுவிவிடும், வேகமாக அழுத்தினால் நழுவ நேரம் இருக்காது. ஆகவே கசிவு முதலில் தின்பது பேஸை. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 டெசிபெல், அதற்கும் மேல்கூடப் போய்விடலாம். மூக்குக் கண்ணாடியின் கம்பி போதும், காதுக்குப் பின்னால் தாடை தொடங்கும் பள்ளம் போதும். பேஸ் குறைந்தவர் வால்யூமைக் கூட்டுவார். வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்த பாதுகாப்பான கேட்பு அளவு. கசியும் குஷன் அந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் குலைக்கிறது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். ஒலிபெருக்கியை அளக்க அதன் முன்னால் ஒரு மைக்கை நிறுத்தினால் ஆயிற்று. ஹெட்போனுக்கு அப்படி முடியாது. காது என்ற அறையோடு சேர்ந்தால்தான் அது முழு வாத்தியம். இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள் காது கேட்கும் கருவி செய்தவர்கள். நோல்ஸ் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த கெமார் என்ற மார்பளவுப் பொம்மை அவர்களுக்காகப் பிறந்ததுதான். காதுக்குழாய், செவிப்பறை ஆகியவற்றின் ஒலித்தடையைப் போலி செய்யும் உலோகக் குழாய்க்கு 1981இல் ஐஇசி 60711 என்ற தரம் வந்தது. இன்று அதன் எண் 60318-4. ஆனாலும் புழக்கத்தில் எல்லோரும் ‘711 கப்ளர்’ என்றே சொல்கிறார்கள். சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அதை நம்பலாம், அதற்கு மேல் குழாயின் சொந்த ஒத்ததிர்வே பேசும். ப்ரூயல் அண்ட் கியரின் 5128 தலைப்பொம்மை மனிதக் காதுக்குழாயின் வளைவையே வார்த்தெடுத்து அந்த எல்லையை மேலே தள்ளியது. அதன் விலையைக் கேட்டால் ஆர்வலருக்குத் தலை சுற்றும். 711 கப்ளரின் நகல்கள் அசலின் விலையில் சிறு பங்குக்குக் கிடைப்பதால்தான் வீட்டிலிருந்தபடி இயர்போன் அளப்பவர்கள் இத்தனை பேர் முளைத்தார்கள்.

அளந்து கிடைக்கும் கோடு, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வளைவு, எப்படி இருந்தால் நல்லது? இதில் நீண்ட வழக்கு நடந்திருக்கிறது. எதிரே இருக்கும் ஒரு ஒலிபெருக்கி காதில் உண்டாக்கும் வளைவே இலக்கு என்பது பழைய கட்சி. எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒலியின் வளைவே இலக்கு என்று 1986இல் வாதிட்டவர் குந்தர் தைலே. 2012 முதல் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் செய்த தொடர் சோதனைகள், நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி ஒலிக்கும்போது காதில் விழும் வளைவையே பெரும்பான்மையோர் விரும்புகிறார்கள் என்று காட்டின. 2017இல் யெரூன் ப்ரேபார்ட் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் வளைவுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று எழுதினார். மலிவான ஹெட்போனை மாட் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. ஆனால் இலக்குச் சண்டை நம் கேள்விக்கு வெளியே இருக்கிறது. மாற்றத்தை அளக்கிறவருக்கு ‘இது நல்ல ஹெட்போனா?’ என்பது வேண்டாம். ‘முன்புக்கும் பின்புக்கும் என்ன வித்தியாசம்?’ என்பது மட்டும் போதும்.

இந்த வேறுபாடு சாதாரணமானதில்லை, செலவையே தலைகீழாக மாற்றிவிடுகிறது. மைக்கின் குறையும் கப்ளரின் குறையும் முன் அளவிலும் பின் அளவிலும் ஒரேபோல் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்தக் குறை பெருமளவு கழிந்துபோகும். ஆகவே ஒரு மரப்பலகையில் துளையிட்டு, சிறிய மைக்கைப் பலகையின் மேல்மட்டத்தோடு சமமாகப் பதித்தால் அதுவே அளவுமேடை. ஏஞ்சலோ ஃபரீனா 2000இல் விளக்கிய முறைப்படி, தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்ததுவரை வழுக்கிக்கொண்டு ஏறும் ஸ்வீப் ஒலியை ஹெட்போனில் ஒலிக்கவிட்டு, பதிவான ஒலியிலிருந்து வளைவையும் இசைத்திரிபையும் தனித்தனியே பிரிக்கலாம். ஜான் மல்காஹி எழுதிய ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ மென்பொருள் இதை இலவசமாகச் செய்துதருகிறது. ஒலியழுத்தத்தின் உண்மையான அளவு வேண்டுமென்றால்தான் 1 பாஸ்கல், அதாவது 94 டெசிபெல் ஒலி தரும் அளவுத்திருத்தக் கருவி தேவை. வேறுபாட்டுக்கு அதுவும் வேண்டாம்.

கழித்தல் எப்போதும் கைகொடுக்கும் என்று நினைத்தால் ஏமாறுவோம். சவ்வுக்குப் பின்னால் செய்யும் மாற்றங்களுக்கு, அதாவது பஞ்சுக்கும் பின்துளைக்கும், பலகையில் கிடைத்த வேறுபாடு தலையிலும் ஏறக்குறைய அப்படியே செல்லும். காதுக்கும் சவ்வுக்கும் இடையில் செய்யும் மாற்றங்களுக்கு அப்படிச் செல்லாது. குஷன் மாறினால் சவ்வின் தூரம், சாய்வு, அறையின் கொள்ளளவு, கசிவு எல்லாம் சேர்ந்து மாறும். பலகைக்குத் தாடைப்பள்ளமும் கிடையாது, காதுமடலும் கிடையாது. பலகையில் இரண்டு குஷன்களும் ஒரே பேஸ் காட்டும், தலையில் ஒன்று கசியும். செலவு குறைந்த அளவுமேடைகளில் எடுத்த குஷன் ஒப்பீடுகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

அடுத்த சிக்கல், கழற்றி மறுபடி வைப்பது. எந்த மாற்றமும் செய்யாமல் அதே ஹெட்போனை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாலே வளைவு மாறும். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 செ.மீ.தான், சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மேடு பள்ளமாகும். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் அதிர்வெண்ணில், வைக்கும் ஒவ்வொரு முறையும் அளவு 1.5 டெசிபெல் திட்டவிலக்கத்தில் சிதறுகிறது என்று கொள்ளுங்கள். முன்னே ஐந்து முறை, பின்னே ஐந்து முறை வைத்துச் சராசரி எடுத்தால், அந்த இரண்டு சராசரிகளின் வேறுபாட்டில் சுமார் 0.95 டெசிபெல் ஊசலாட்டம் இருக்கும். அந்த நிலையில் ‘1 டெசிபெல் கூடியது’ என்று சொல்வதற்கு இடமில்லை. இருபது இருபது முறை வைத்தால் ஊசலாட்டம் 0.47ஆக இறங்கும். தலைக்கு ஒரே ஒரு கோடு வரைந்து ‘முன்’, ‘பின்’ என்று நிறம் தீட்டிய படங்கள்தான் எங்கும் அதிகம். கோட்டுக்குப் பதில் பட்டையாக வரைந்திருந்தால், அவற்றில் எத்தனையில் இரண்டு பட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்குமோ!

ஹெட்போன் நமக்கு இலவசமாகத் தரும் ஒரு வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. அதற்கு இரண்டு கிண்ணங்கள் உண்டு. முதலில் இடது, வலது இரண்டையும் அளந்து அவற்றின் சொந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் மாற்றம் செய்தால் மற்றது தொடாத சாட்சியாக நிற்கும். மைக் நகர்ந்ததா, அறைவெப்பம் ஏறியதா, சவுண்ட் கார்டின் அளவு கலைந்ததா என்பதெல்லாம் சாட்சிக் கிண்ணத்தின் வளைவு அசைவதில் தெரிந்துவிடும். பிறகு ஒட்டியதைப் பிரித்து மூன்றாம் முறை அளக்க வேண்டும். வளைவு முதல் நிலைக்குத் திரும்பினால் மட்டுமே அந்த வேறுபாட்டை டேப்பின் கணக்கில் எழுதலாம். துரப்பணத்தால் துளை போட்டவருக்கு இந்த மூன்றாம் அளவு வாய்க்காது.

அறைவெப்பம் என்றேனே, நம் ஊருக்கு அது முக்கியம். 20 டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். மலையின் பாறை கொதித்து 40 டிகிரியை எட்டும் கோடை நண்பகலில் சுமார் 355 மீட்டர். காற்றறைகளின் ஒத்ததிர்வுகள் வேகத்தோடு சேர்ந்து நகரும். 8,000 ஹெர்ட்ஸில் இருந்த மேடு 8,280 பக்கம் போய்விடும். மார்கழி விடியலில் ‘முன்’னையும் சித்திரை மதியத்தில் ‘பின்’னையும் அளந்தவர், ஒன்றுமே செய்யாமல் ஒரு மாட் செய்தவராகிறார். இரைச்சல் இன்னொன்று. பஸ்ஸின் உறுமலும் மின்விசிறியும் தாழ் அதிர்வெண்களில்தான் கொட்டுகின்றன, பேஸ் மாற்றத்தைத் தேடும் இடமும் அதுவே. ஸ்வீப்பின் நீளத்தை இரட்டித்தால் இரைச்சலிலிருந்து 3 டெசிபெல் மேலே வரலாம், நான்கு மடங்காக்கினால் 6. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையோரம் குடியிருப்பவர் அளவீட்டை வேறு நாளைக்குத் தள்ளிவைப்பது இன்னும் எளிது.

மாற்றங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அளவீடு யாரைத் தாங்குகிறது, யாரைக் கைவிடுகிறது என்று தெரியும். இயர்போன் மூக்கின் வலைமேல் மருந்துக் கடைக் காகிதப் பிளாஸ்திரியைப் பாதி ஒட்டுவது செலவே இல்லாத மாட், அளவிலும் பளிச்சென்று தெரிவது. நுண்துளைகள் கொண்ட அந்தக் காகிதம் காற்றோட்டத்துக்குத் தடை கூட்டும், 3 கிலோஹெர்ட்ஸ் அருகே நிற்கும் மேடு தணியும், காதைக் குத்தும் கூர்மை அடங்கும். துளைகளும் அப்படியே. சவ்வுக்கு முன்னால் உள்ள துளையை மூடினால் கசிவு நின்று பேஸ் ஏறும். பின்னால் உள்ளதை மூடினால் பின்காற்று விறைத்து, சவ்வின் அசைவைத் தடுத்து, பேஸ் இறங்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி ஊசித்துளைதான். ஒரே காரியத்தைச் செய்துவிட்டு ஒருவர் ‘கூடியது’ என்றும் இன்னொருவர் ‘குறைந்தது’ என்றும் சண்டை போடுவது இதனால்தான். ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி மாட் உலகின் செல்லப்பிள்ளையானதற்கும் இதே காரணம். அதன் கிண்ணத்தின் காற்றுவழிகளையும் உள்ளே வைக்கும் நிரப்பையும் மாற்றினால் வளைவு கண்ணுக்குத் தெரியும்படி வளைந்துகொடுக்கும்.

பஞ்சு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 3 செ.மீ. ஆழக் கிண்ணத்தில் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிக்கு அரை அலைநீளம் பொருந்தும் இடம் சுமார் 5,700 ஹெர்ட்ஸ். மெல்லிய பஞ்சுப்படலம் அந்த அளவிலான அலைகளை உண்ணும், அங்கே இருக்கும் கூர்முனைகள் மழுங்கும். 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதை ஒரு பிடி பஞ்சு உறிஞ்சியது என்பதை நம்ப இயலாது. அடைத்துத் திணித்ததில் பேஸ் மாறியிருந்தால், உறிஞ்சியதால் இல்லை, காற்றின் வழியை மறித்ததால் மாறியது.

வயரில் மனம் இரண்டுபடும். 300 ஓம் ஹெட்போனில் வயரின் தடை 1 ஓம் கூடினால் ஒலி எல்லா இடத்திலும் 0.03 டெசிபெல் குறையும், அவ்வளவுதான். பல ட்ரைவர்கள், அதாவது ஒலி எழுப்பும் உறுப்புகள், கொண்ட இயர்போனில் மின்மறுப்பு ஓர் அதிர்வெண்ணில் 8 ஓம், இன்னோர் இடத்தில் 32 ஓம் என்று ஏறி இறங்கினால், அதே 1 ஓம் ஓரிடத்தில் 1.02 டெசிபெல்லும் மற்றோரிடத்தில் 0.27 டெசிபெல்லும் எடுத்துக்கொள்ளும். வளைவு முக்கால் டெசிபெல் சாய்ந்துவிடும். ஆக, வயர் ஓசையை மாற்றும் என்பவரும் மாற்றாது என்பவரும் தத்தம் கையிலிருக்கும் கருவியைப் பற்றிச் சரியாகவே பேசுகிறார்கள். வெள்ளிக்கும் செம்புக்கும் இதில் தனிப் பங்கில்லை, தடைதான் கணக்கு. நூறு மணி நேரம் ஓடவிட்டுப் ‘பழக்குவது’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிவந்த அளவீடுகளில் தெரிந்த மாற்றம், கழற்றி மறுபடி வைக்கும்போது வரும் சிதறலைத் தாண்டுவதில்லை. அந்த நூறு மணியில் இளகுவது குஷன்தான், பழகுவது கேட்பவரின் காதுதான்.

படங்களில் நடக்கும் கண்கட்டு வித்தையையும் சொல்ல வேண்டும். செங்குத்து அச்சை 100 டெசிபெல்லுக்கு நீட்டினால் எந்த ஹெட்போனும் நேர்கோடு, 10 டெசிபெல்லுக்குச் சுருக்கினால் எந்த மாட்டும் புரட்சி. ஆக்டேவில் மூன்றில் ஒரு பங்குக்கு வழுவழுப்பாக்கினால் பஞ்சு அகற்றிய கூர்முனையே மறைந்துபோகும். ‘ஓசை வேகமாகிவிட்டது’ என்று நிறுவ மலைத்தொடர்போன்ற ஒலித்தேய்வுப் படங்களைக் காட்டுவார்கள். பெரும்பாலான ஹெட்போன்களில் அதிர்வெண் வளைவும் காலத்தில் ஒலி தேயும் விதமும் ஒரே தகவலின் இரண்டு முகங்கள். வளைவில் மேடு இருக்கும் இடத்தில் தேய்வு நீளும், மேட்டைத் தணித்தால் நீட்சியும் தானே குறையும். மலைத்தொடர் புதிதாகச் சாட்சி சொல்வதாக நினைத்தால் ஒரே சாட்சியை இருமுறை கூண்டிலேற்றியதாகும்.

மைக்கே இல்லாமல் செய்யத்தக்க அளவீடும் ஒன்றுண்டு. மதிப்புத் தெரிந்த ஒரு ரெசிஸ்டரை ஹெட்போனோடு தொடராக இணைத்து, சவுண்ட் கார்டின் இரு உள்ளீடுகளால் மின்னழுத்தங்களைப் பார்த்தால் மின்மறுப்பு வளைவு கிடைத்துவிடும். சவ்வின் ஒத்ததிர்வு அதில் ஒரு குன்றாக நிற்கும். பின்துளையை மூடினால் குன்று வலப்பக்கம் நகரும், காற்றுவழிக்குத் தடை கூட்டினால் குன்று தாழும். தெரு இரைச்சல் இதை அதிகம் தொடுவதில்லை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மாலையில் செய்துமுடிக்கும் வேலை. ட்ரெபிளைப் பற்றி இது எதுவும் சொல்லாது, ஆனால் ‘ஏதாவது மாறியதா இல்லையா?’ என்பதற்கு இதைவிட மலிவான பதிலை நான் அறியேன்.

அளந்து தெரிந்த வேறுபாடு காதுக்குக் கேட்குமா என்பது தனி வழக்கு. முதல் நிபந்தனை, இரண்டின் ஒலியளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 1 டெசிபெல் உரக்க ஒலிப்பதைக் காது ‘உரக்க’ என்று உணராமல் ‘நன்றாக’ என்று உணரும். இரண்டாவது, எது எது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. டேவிட் கிளார்க் 1982இல் விவரித்த ஏபிஎக்ஸ் முறையில் மறைவாக ஒலிக்கும் ஒன்று இரண்டில் எது என்று சொல்ல வேண்டும். பத்து முறையில் எட்டு சரியாகச் சொன்னாலும் குருட்டாம்போக்கில் அப்படி வர 5.5 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்பது சொன்னால் அது ஒரு சதவீதத்தை ஒட்டி இறங்கும். ஒன்பதைக் கேளுங்கள். ஹெட்போனில் வில்லங்கம் என்னவென்றால், வேறு குஷன் மாட்டியதைக் காதுக்கு முன் கன்னத்துத் தோலே கண்டுபிடித்துவிடும். ஹார்மன் குழு 2013இல் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரே ஹெட்போனை அணியவைத்து, மற்ற ஹெட்போன்களின் வளைவுகளை ஈக்வலைசரால் அதில் போலி செய்து, கேட்பவருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி ஒலித்தார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். முன்-பின் வேறுபாட்டு வளைவை ஈக்வலைசரில் ஏற்றி, போடுவதும் எடுப்பதுமாக மறைவாகக் கேட்டால் போதும். பின்துளை, பஞ்சு, பிளாஸ்திரி வகை மாற்றங்களுக்கு இது ஏறக்குறைய முழுமையான சோதனை. சிலருக்கு இன்னொரு உண்மையும் அப்போது புரியும். அந்த ஈக்வலைசர் இருக்கும்போது கிண்ணத்தைப் பிரித்திருக்கவே வேண்டாம்.

குஷனுக்கு மட்டும் இந்த வழி அரைகுறை. பலகையில் எடுத்த வளைவு பலகைக்குரியது. அதற்கு மிஞ்சியிருப்பது சொந்தக் காதில் அளப்பது. பொட்டு அளவிலான எலெக்ட்ரெட் மைக்கை ஃபோம் அடைப்பானில் பதித்துக் காதுக்குழாய் வாசலில் செருகி, அதன்மேல் ஹெட்போனை அணிந்து ஸ்வீப்பை ஒலிக்கவிட வேண்டும். குழாய் அடைபட்டிருப்பதால் செவிப்பறையில் விழும் உண்மை அளவு கிடைக்காது. ஆனால் பழைய குஷனுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு கிடைக்கும், அதுவும் கண்ணாடிக் கம்பியும் காதணியும் எண்ணெய் தடவிய முடியும் சேர்ந்த அதே தலையில். கவனிக்க வேண்டியது மைக்கின் வயரைத்தான். குஷனுக்கு அடியில் நுழைந்து வெளியேறும் வயரே ஒரு கசிவை உண்டாக்கி, தேடிவந்த பேஸைத் தின்றுவிடும். சாதாரண வயருக்குப் பதிலாக, மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியைப் பயன்படுத்தினால் அந்தக் கசிவு வெகுவாகக் குறையும்.